நெட்டு நின்ற புதன்கிழமை

புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ரஃபீக் சாச்சாவிடமிருந்து போன் வந்தது. பஹீமா அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். புறங்கையால் திரையைத் தள்ளி ஸ்பீக்கரில் போட்டதும், "ம்மா, வீட்டுல வேற யாரு இருக்கா?" என்று கேட்டார். வாப்பாவின் தம்பி அவர். எதையும் போட்டு உடைத்தாற்போல் சொல்லிப் பழகியவர். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு ஒரு சேதியை அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"யாரும் இல்ல சாச்சா. சொல்லுங்க."

சொன்னார்.

அவளுடைய வாப்பா சேக் அலாவுதீனுக்கு ஐம்பத்தொன்பது வயது. முந்தின இரவு ஒரு குடும்பத்தைத் திருச்சி விமான நிலையத்தில் விட்டுவிட்டு, விடிந்த பிறகு காரைக்கால் திரும்பியிருக்கிறார். கார் ஸ்டாண்டில் வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடி இருக்கையில் சாய்ந்திருக்கிறார். ராத்திரி முழுக்க ஓட்டிய மனிதர் தூங்குகிறார் என்று மற்ற ஓட்டுநர்கள் பாட்டுச் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்திருக்கிறார்கள். வெகு நேரம் கழித்து, வண்டியைச் சற்று முன்னால் எடுக்கச் சொல்லித் தோளைத் தொட்டவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

பஹீமா கையைக் கழுவினாள். மீன் வாடை போகவில்லை என்று இன்னொரு தடவை கழுவினாள். அப்புறம்தான் உம்மாவின் நினைவு வந்தது. உம்மா உம்மு சல்மா மக்காவில் இருந்தாள். உம்ராவுக்குப் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. அங்கே அப்போது மணி எட்டு பத்து. ஒன்பது மணிக்கு, அதாவது இங்கே பதினொன்றரைக்கு, அவள் வீட்டுக்கு வீடியோவில் கூப்பிடுவது வழக்கம்.

அலாவுதீன் முப்பத்தோரு வருஷம் ஓட்டியது ஏறக்குறைய ஒரே சாலை. காரைக்கால், திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி. மறுபடி அதே வழியில் வீடு. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் போகிறவர்களையும் வருகிறவர்களையும் ஏற்றி இறக்குவதே தொழில். எந்த வீட்டுப் பையன் எந்தத் தேதியில் லீவு முடிந்து போகிறான், எந்த வீட்டு மருமகன் பெட்டி நிறைய வருகிறான், எவன் வெறுங்கையோடு வருகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டார். மூன்று வண்டி மாற்றினார். விமானத்தில் ஏறியதில்லை. கண்ணாடிக் கதவுக்கு இப்பாலேயே நின்றுவிடுவார். உள்ளே போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் கையை ஆட்டுவார். பார்க்காவிட்டாலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வண்டிக்குத் திரும்புவார்.

அந்தத் தொழிலோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரில் யாராவது இறந்துபோய், மகனோ புருஷனோ வெளிநாட்டிலிருந்து அவசரமாக இறங்கும்போது, அவரை அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் வீட்டார் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்: "நானா, உடம்பு முடியலன்னுதான் சொல்லியிருக்கோம். நீங்க ஒன்னும் வாயத் தொறந்துறாதீங்க. வீட்டுக்கு வந்து தெரிஞ்சுக்கிடட்டும்." வழியில் உடைந்து போய்விடக் கூடாது என்பது கணக்கு. நாலு மணி நேரம் அவர் எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல ஓட்டி வருவார். ஒன்றே ஒன்று செய்வார். தஞ்சாவூருக்கு முன்னால் வல்லத்தில் வண்டியை நிறுத்தி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடாமல், நாலு இட்லி சாப்பிட வைப்பார். வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் அடுத்த சோறு எப்போதென்று யாருக்குத் தெரியும், வெறும் வயிற்றோடு போய் விழக் கூடாது என்பார். ஸ்டாண்டில் இது நாளடைவில் கேலியாகிவிட்டது. "அலாவுதீன் நானா காசுல எவனாச்சும் இட்லி தின்னா, அவன் வூட்டுல பந்தல் போட்டாச்சுன்னு அர்த்தம்" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

சுரக்குடி நவநீதனை அப்படித்தான் ஒரு தடவை கூட்டி வந்தார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நம்பி வந்தவன், பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை மடியிலேயே வைத்துக்கொண்டு, "கையில சுத்தி பட்டனை அமுக்குனா போதும் பாய், நம்பர் வந்துரும். அப்பாவே பாத்துக்கலாம்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். வல்லத்தில் இட்லி சாப்பிடும்போது அலாவுதீன் கையிலேயே ஒரு தடவை கட்டிப் பார்த்திருக்கிறான். "உங்களுக்கு அதிகமா இருக்கு பாய், டாக்டரப் பாருங்க" என்றானாம். சுரக்குடித் தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டதும் அவன் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு நவநீதன் அஞ்சாறு தடவை போய் வந்தான். ஒரு தடவைகூட அலாவுதீனைக் கூப்பிடவில்லை.

"சொல்லாம கூட்டியாந்த யாரும் அப்புறம் என் வண்டியில ஏறுனதில்லம்மா" என்று வாப்பா ஒருநாள் பஹீமாவிடம் சொன்னார். "கோவம்னு இல்ல. என் மூஞ்சியப் பாத்தா அந்த நாலு மணி நேரம் ஞாபகத்துக்கு வருது போலருக்கு."

"அப்ப திருச்சியிலயே சொல்லிட வேண்டியதுதானே வாப்பா?"

"சொல்லலாம். சொன்னா நாலு மணி நேரம் அவன் பின்னாடி உக்காந்து அழுவான், நான் முன்னாடி உக்காந்து ஓட்டணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. மத்தவங்க சொல்லக் கூடாதுன்னாங்கன்னு அவங்க மேல பழியப் போட்டுட்டு நானும் பேசாம வந்துருவேன்."

உம்ராவுக்கு அவரும்தான் போயிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தது, பழைய முகவரி புதிய முகவரி என்று எங்கேயோ தங்கிவிட்டது. குழு காத்திருக்காது. உம்மாவின் அண்ணன் ஜவஹர் அலி, மரக்கடை வைத்திருப்பவர், அதே குழுவில் பெயர் கொடுத்திருந்தார். கூடப் போக உடன்பிறந்தவர் இருக்கிறாரே என்று வாப்பாவே உம்மாவை அனுப்பிவைத்தார். "நீ முன்னாடி போயி எடத்தப் பாத்துட்டு வா. ரெண்டாவது தடவ எனக்கு வழி காட்டலாம்ல" என்றார். நாற்பது வருஷம் காரைக்காலைவிட்டு நாகூருக்கு அப்பால் தனியாகப் போகாத உம்மாவுக்கு அதைக் கேட்டு வெட்கமும் சிரிப்பும் வந்தது.

போவதற்கு இரண்டு நாள் முன்பு பஹீமா உம்மாவின் போனில் இ-சிம் போட்டுக் கொடுத்தாள். அவள் கணவன் ஷகீல் குவைத்தில் இருக்கிறான். அவன்தான் இந்த யோசனையைச் சொன்னது. அங்கே போய்க் கடை தேடி, வரிசையில் நின்று, கைரேகை வைத்து சிம் வாங்க வேண்டியதில்லை. இங்கேயே வாங்கிப் போட்டுவிட்டால் அங்கே இறங்கியதும் நெட்டு வந்துவிடும்.

வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "சிம்மே இல்லாம எப்படிம்மா சிம்மு?"

"போனுக்குள்ளயே இருக்கும் வாப்பா. இந்தக் கட்டத்தப் படம் புடிச்சாப் போதும்."

"கண்ணுக்குத் தெரியாத சரக்குக்குக் காசு வாங்குறான் பாரு. நான் என்னமோ முப்பது வருஷமா கண்ணு முழிச்சு ஓட்டுறேன்."

"இதுல நம்பர் கிடையாது, யாரும் போன் போட முடியாது. வாட்ஸ்அப்புல மட்டும்தான் பேசலாம். உம்மாவோட பழைய சிம்மு உள்ள சும்மா கெடக்கும்."

"அங்க போயி நான் தவாஃப் சுத்தவா, இல்ல போனப் புடிச்சுக்கிட்டு நிக்கவா?" என்றாள் உம்மா.

"ரெண்டும் செய். ஏழு சுத்து முடிஞ்சா ஒரு போன்."

"ஆமா, நீங்க எடுத்துட்டுத்தான் மறுவேல. வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்னு வைப்பீங்க."

ஐந்து ஜிபி வாங்கியது. அது தீர்ந்தால் என்ன ஆகும் என்று வாப்பா கேட்டார். தீரும் நேரத்தில் தானாகவே ஒரு ஜிபி ஏறுகிற மாதிரி வைக்கலாம், ஷகீலின் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று பஹீமா சொன்னாள். "அப்படியே வச்சுவுடு. நடுவழியில நின்னுடக் கூடாது. அவ பயந்துருவா" என்றார். அந்தச் செயலி பஹீமாவின் போனில் இருந்தது. உம்மா எவ்வளவு செலவழித்திருக்கிறாள் என்பது அதில் தெரியும். உம்மா போன பிறகு தினமும் காலையில் வாப்பா கேட்பார், "டேங்குல எவ்வளவு இருக்கு?" என்று. பஹீமா பார்த்துச் சொல்வாள். உம்மா தாராளமாகச் செலவழித்தாள். புறா, கடிகாரக் கோபுரம், அறையின் ஜன்னல், சாப்பாட்டுத் தட்டு என்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வாப்பாவுக்கு அனுப்பினாள்.

அந்தப் புதன்கிழமை காலை அவர் கேட்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்திருக்கவே இல்லை.

பதினொன்றுக்குள் வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ரஃபீக் சாச்சா வந்து, வாப்பாவின் செருப்பு, கைக்கடிகாரம், போன் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் கையில் கொடுத்தார். பிற்பகல் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பேசி முடித்திருந்தார்கள். பிறகு தன் போனை நீட்டினார். "ஜவஹர் அலி மச்சான். ஒங்கிட்ட பேசணுமாம்."

மாமா எடுத்த எடுப்பில் அழுதார். அழுகையை அடக்கிக்கொண்டு, தணிந்த குரலில் பேசினார். உம்மா பக்கத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

"இப்ப அவகிட்ட ஒன்னும் சொல்லாதீங்கம்மா. குரூப் டிக்கெட்டு. குரூப்பக் கூட்டியாந்த ஆலிம்சா மூலமா கேட்டுப் பாத்துட்டேன், திங்கக்கிழமைக்கு முன்னாடி நகர முடியாதாம். நாளைக்கு மதீனா கெளம்புறோம். ஜியாரத்த முடிச்சுட்டு வரட்டும். ஊருல வந்து சொல்லிக்கலாம்."

"அஸருக்கு அடக்கம் மாமா. அதுக்குள்ள உம்மா முகம் பாக்க வேணாமா? வீடியோவுலயாச்சும்…"

"வீடியோவுல பாத்துட்டு அவ இங்க விழுந்தான்னா? பிரஷரு, சுகரு ரெண்டும் இருக்கு. தெரியாத ஊருல நான் ஒத்த ஆளா வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன், சொல்லு."

"அவங்ககிட்ட கேக்காம நாம எப்படி மாமா?"

"நான் அவ கூடப் பொறந்தவன்மா. அவளுக்குக் கெடுதல் நெனைப்பனா?" குரலை இன்னும் தணித்தார். "இப்பப் பயமே அவ போன்தான். ஊரு குரூப்புல எவனாவது படத்தோட போட்டுருவான். அரை மணி நேரத்துல அவளுக்கு வந்துரும். ஹோட்டல் வைஃபை கீழ வரவேற்புலதான், அவளுக்கு அது தெரியாது. நீதானே நெட்டு ஏத்திவுட்டே? நிப்பாட்டு."

பஹீமா செயலியைத் திறந்தாள். முப்பத்தெட்டு எம்பி மீதம் இருந்தது. இங்கிருந்தபடி உம்மாவின் இணைப்பைத் துண்டிக்க அதில் வழியில்லை. ஆனால் தானாக ஏறுவதை நிறுத்த முடியும். பச்சையாக இருந்த ஒரு சிறிய பொத்தானை இடது பக்கம் தள்ளினால் போதும். மிச்சம் இருப்பது தீர்ந்ததும் உம்மாவின் போன் வெறும் கண்ணாடித் துண்டு. இதைச் செய்ய உலகத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும். செய்யாவிட்டால், இன்னும் இருபது நிமிஷத்தில் உம்மா கூப்பிடுவாள். வாப்பா எங்கே என்று கேட்பாள். அவள்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு அது முடியும் என்று தோன்றவில்லை. வாப்பா சொன்னது நினைவில்லாமல் இல்லை. நினைவோடுதான் தள்ளினாள். மணி பதினொன்று பன்னிரண்டு.

பதினொன்று இருபதுக்கு, பையில் இருந்த வாப்பாவின் போன் ஒரு தடவை ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். பூட்டிய திரையில் உம்மாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி: "ஒரு வீடியோ அனுப்புறேன் பாருங்க." பஹீமா அந்த வீடியோவுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. செயலியைப் பார்த்தபோது முப்பத்தெட்டு இருந்த இடத்தில் பூஜ்ஜியம் இருந்தது. பதினொன்றரைக்கு யாரும் கூப்பிடவில்லை.

குளிப்பாட்டி, கஃபன் துணி போட்டு, முகத்தை மட்டும் திறந்து கூடத்தில் வைத்தார்கள். பெண்கள் வந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருவரும் பஹீமாவைக் கட்டிக்கொண்டு, அடுத்த மூச்சில், "உம்மாக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்கள். இல்லை என்று அவள் தலையை ஆட்டியதும், "அதுதான் நல்லது" என்றார்கள். ஒருத்தர்கூட வேறு மாதிரி சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாசலுக்கு வந்தபோது தெருவின் எதிர்ப்பக்கம் நவநீதன் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். லீவில் வந்திருப்பான் போலிருக்கிறது. உள்ளே வரவில்லை. தூக்கிக்கொண்டு போகிறவரை அந்த இடத்திலேயே நின்றான்.

மூன்று இருபதுக்கு, பஹீமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாமாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டாள். எடுக்க மாட்டார் என்று புரிந்ததும் செயலியைத் திறந்தாள். உம்மாவின் போனில் நெட்டு வந்துவிட்டால் நேராகக் கூப்பிட்டுவிடலாம். எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டாம், வாப்பாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துவிட்டால் போதும். பொத்தானை வலது பக்கம் தள்ளினாள். மறுபடி தொடங்க அட்டையை உறுதி செய்ய வேண்டும் என்றது. ஓடிபி கேட்டது. ஓடிபி ஷகீலுக்குப் போகும். சேதி தெரிந்ததும் காலையில் பேசி அழுதவன், லீவு கேட்பதற்காக வேலைத் தளத்துக்குப் போயிருந்தான். அங்கே போனை வாசலில் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவனைக் கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடிபியின் நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. இன்னொன்று கேட்டாள். அதுவும் முடிந்தது. மூன்றாவதைக் கேட்டபோது கதவைத் தட்டி, "பஹீமா, தூக்கப்போறாங்க. வந்து பாத்துக்க" என்றார்கள்.

மூன்றே முக்காலுக்கு ஆண்கள் வாப்பாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் திரும்பினார்கள். நாலு ஐந்துக்கு ஷகீலிடமிருந்து ஆறு இலக்கம் வந்தது. "சாரிம்மா, இப்பதான் போன் கையில கெடச்சுது. எதுக்கு இது?" என்று கேட்டிருந்தான். அவள் பதில் போடவில்லை. இப்போது நெட்டு ஏற்றினால் உம்மாவுக்குப் போய்ச் சேர்வதற்கு முகம் இல்லை, சேதி மட்டும்தான் இருந்தது.

அடுத்த நாட்களில் மாமா தினமும் குரல் செய்தி அனுப்பினார். "நல்லா இருக்கா. மதீனா வந்துட்டோம். நெட்டு ஏன் நின்னுச்சுன்னு கேட்டா, கூட்டத்துல சிக்னல் இல்லன்னு சொல்லிட்டேன்." அப்புறம் இன்னொன்று, "ஒங்க வாப்பாகிட்ட பேசணும்னா. நான் பேசிட்டேன், நல்லா இருக்கார்னு சொன்னேன். அல்லா மன்னிக்கட்டும்." மூன்றாம் நாள் பாத்திஹா ஓதிக்கொண்டிருந்தபோது வந்தது: "இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு புது சேலை கட்டி, அத்தர் பூசி, ரொம்ப சந்தோஷமா இருக்கா." குழுவில் இருபத்திரண்டு பேர். எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்தார்கள். சாப்பாட்டில் முதல் தட்டு அவளுக்கு. தன்னை எல்லோருக்கும் இவ்வளவு பிடித்துப்போனதே என்று அவள் வியந்துகொண்டாளாம்.

திங்கட்கிழமை விடிகாலை திருச்சியில் இறங்கினார்கள். வாப்பாவின் வண்டியைத்தான் சாச்சா ஓட்டி வந்திருந்தார், பஹீமாவும் வந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே குழுப் பெண்கள் ஒவ்வொருவராக உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் பிரிந்தார்கள். உம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"எங்க அவுக?"

"கால் வீங்கியிருக்கு லாத்தா, நெடுந்தூரம் ஓட்ட முடியல" என்றார் சாச்சா.

"இந்த வாசலுக்கு வராம இருக்க மாட்டாரே."

சாச்சா பெட்டிகளை டிக்கியில் ஏற்றினார். பின் இருக்கையில் உம்மா பஹீமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை நிறையப் புதுக் கண்ணாடி வளவி. மதீனாவில் வாங்கியது என்று காட்டினாள். மதீனாப் பள்ளிவாசலின் ரவ்ளாவில் எவ்வளவு நேரம் நிற்கக் கிடைத்தது, யார் யாருக்கு துஆ கேட்டாள், வாப்பாவின் பாஸ்போர்ட் சீக்கிரம் வரவேண்டும் என்று எப்படிக் கேட்டாள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பஹீமா "ம்" போட்டாள். முன்னால் மாமா சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

வல்லத்தில் சாச்சா வண்டியை ஓரம் கட்டினார். திட்டமிட்டுச் செய்யவில்லை, அண்ணன் அப்படிச் செய்வார் என்ற பழக்கம் அவரிடமும் ஊறியிருந்தது. உள்ளே போய் இலையில் இட்லி வாங்கிக்கொண்டு வந்து, ஜன்னல் வழியாக நீட்டினார்.

"நாலு இட்லி சாப்புடுங்க லாத்தா."

"பசிக்கல. வீட்டுல போயி சாப்புட்டுக்கிறேன்."

"இல்ல லாத்தா. ரெண்டாச்சும் சாப்புட்டுருங்க."

உம்மா இலையைப் பார்த்தாள். சாச்சாவின் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் அந்தக் கதையை இரவுச் சோற்றோடு கேட்டுப் பழகியவள். இலையை வாங்கவில்லை.

"எப்போ?" என்றாள்.

சாச்சா நீட்டிய இலை சரிந்து, ஒரு இட்லி சாலையில் விழுந்தது. முன்னாலிருந்து மாமா, "சல்மா…" என்று ஆரம்பித்தார்.

"நானா, நீங்க பேசாதீங்க. பஹீமா, எப்போ?"

"புதன்கெழம உம்மா. காலையில."

உம்மா அழுவதற்கு முன்னால் எண்ணினாள். விரலை மடக்கி எண்ணினாள். "வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. புதன்லேர்ந்து நான் இத்தாவுல இருந்திருக்கேன். வெள்ளிக்கெழம அத்தர் பூசுனேன். வளவி வாங்கிப் போட்டேன்." புருஷன் இறந்தால் வீட்டோடு இருக்க வேண்டிய அந்த நாட்களில் வாசனையும் நகையும் கூடாது. வளவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இறுக்கமாக இருந்த இரண்டு வரவில்லை. கதவின் விளிம்பில் தட்டி உடைத்தாள். பிறகுதான் அது நினைவுக்கு வந்தது போலிருக்கிறது.

"புதன்கெழமதானே என் நெட்டு நின்னுச்சு?"

"ஆமா."

"தானா ஏறும்னு சொன்னியே."

"நான்தான் உம்மா நிப்பாட்டுனேன்."

"நான்தான் நிப்பாட்டச் சொல்லி…" என்றார் மாமா. உம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. பஹீமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பஹீமாவுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும். மணிக்கட்டில் வளவி கீறி ரத்தம் வந்திருந்தது. பஹீமா தன் துப்பட்டாவால் துடைக்கக் கையை நீட்டினாள். உம்மா கையை இழுத்துக்கொண்டு, ஜன்னல் ஓரமாக நகர்ந்து, நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் அழுதாள். தஞ்சாவூர், திருவாரூர் எல்லாம் தாண்டி வீடு வந்து சேரும்வரை அந்த இடம் அப்படியே இருந்தது.

வீட்டில் பெண்கள் காத்திருந்தார்கள். வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருந்தார்கள். உம்மாவை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பஹீமா உம்மாவின் கைப்பையைக் கூடத்து நாற்காலியில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். 

அலமாரித் தட்டிலிருந்து வாப்பாவின் போன் ஒலித்தது. சவாரிக்குக் கூப்பிடுகிறவர்களுக்குச் சேதி சொல்ல வேண்டியிருந்ததால் அதை அணைக்காமல் சார்ஜில் போட்டு வைத்திருந்தார்கள். மறுபடி ஒலித்தது. மறுபடி. நிற்காமல் ஒன்றன் பின் ஒன்றாக ஒலித்தது. பஹீமா எடுத்துப் பார்த்தாள். திரையில் உம்மாவின் பெயர். வீடியோ. குரல் செய்தி, நாற்பத்திரண்டு விநாடி. புகைப்படம். "இன்னும் பாக்கலியா?" குரல் செய்தி. "நெட்டு இல்ல, வந்ததும் போகும்னு நானா சொல்றாக." புகைப்படம். குரல் செய்தி, மூன்று நிமிஷம். கைப்பைக்குள் இருந்த உம்மாவின் போன் வீட்டு வைஃபையைப் பிடித்திருந்தது. ஐந்து நாளாக அவள் வாப்பாவுக்கு அனுப்பி, போகாமல் அதிலேயே தங்கியிருந்தவை எல்லாம் இப்போது வந்துகொண்டிருந்தன.

உள்ளறையில் அழுகை நின்றது.

"யாரு போன் அது?"

"வாப்பா போன் உம்மா."

"யாரு இப்புடி அனுப்புறா?"

 இந்தத் தடவை பஹீமா சொல்லிவிட்டாள். "நீங்கதான் உம்மா. மதீனாவுலேர்ந்து அனுப்புனது. இப்பதான் வருது."

 உள்ளேயிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

"தொறக்காத. நான் சொல்றப்பத் தொற."

நாலு மாதம் பத்து நாள் இத்தா, அந்தப் புதன்கிழமையிலிருந்து எண்ணி, முடிந்துவிட்டது. உம்மா கூடத்துக்கு வந்து உட்காருகிறாள். "சோறு வை", "கதவச் சாத்து", "பால்காரன் வந்தானா" என்று பஹீமாவிடம் பேசுகிறாள். வாப்பாவின் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. அதை வாங்கி பீரோவில் வைத்தாள். வண்டியை ரஃபீக் சாச்சா ஓட்டுகிறார். வாப்பாவின் போனுக்குப் பஹீமா இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறாள். அதைத் திறக்கும் எண் அவளுக்குத் தெரியும், வண்டி எண்தான். புதன்கிழமை வந்த அந்த ஒரு வரியோடு சேர்த்து மொத்தம் பதினெட்டு சேதிகள். ஒன்றைக்கூட அவள் இன்னும் திறக்கவில்லை.